எக்ஸ்ரே மாமா ‘விடு’ என்று சொல்லும்வரை

நெஞ்சில் அந்தத் தட்டின் சில்லிப்பு.

தாடையை மேலே தூக்கி, தோள்களை முன்னால் தள்ளி நிற்க வைத்திருக்கிறார்கள். அறை முழுக்கப் படம் கழுவும் மருந்தின் புளிப்பு வாசனை. கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல்.

“மூச்ச நல்லா இழு... புடி... அசையாத.”

டக்கென்று ஒரு சத்தம்.

“ஆங்... விடு.”

அந்த ‘விடு’ வரும்வரை உலகத்தில் வேறு எதுவும் இருக்காது.

எனக்கு வீசிங். குரலுக்குச் சொந்தக்காரர் அரக்கோணத்தில் ஒரு எக்ஸ்ரே சென்டரில் வேலை பார்த்தார். திருத்தணியில் எங்கள் எதிர்வீடு. பெயர் தணிகைவேலு. எங்கள் தெருவில் தடுக்கி விழுந்தால் ஒரு தணிகைவேலு மேல்தான் விழவேண்டும் என்பதால், அவர் எக்ஸ்ரே மாமா. அச்சில் மட்டும் அணுவேலன்.

விஞ்ஞானக் கதைகள் எழுதுவார். காலை ரயிலில், மடியில் டிபன் டப்பா, அதன் மேல் தாள். அரக்கோணம் வரும்வரை எவ்வளவு ஓடுமோ அவ்வளவு. ‘எலும்பில் எழுதியவன்’, ‘ஏழாவது கோளில் வாடகை வீடு’... பாக்கெட் நாவல்கள். பஸ் ஸ்டாண்ட் கடையில் கிளிப் மாட்டித் தொங்கும். என் நைனா அவரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். “இன்னா பாவா, செவ்வாய்ல தண்ணி லாரி வருதா?”

பிறகு ஒரு மாத இதழில் தொடர் கிடைத்தது. அவருடைய முதல் தொடர். ‘காற்றுக்கூண்டு’. விண்கலத்தில் தனியாகப் போகும் ஒரு சிறுமி. அவளுக்கு வீசிங். பெயர் புவனா.

என் பெயர்.

புவனா என்றால் பூமி, பூமியையே மேலே அனுப்பினால் எப்படி இருக்கும் என்று அம்மாவிடம் விளக்கினாராம். அம்மா தெருக்குழாயடியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். பள்ளியில் என்னை ராக்கெட் என்று கூப்பிட்டார்கள். எனக்கும் பெருமைதான்... கலத்தில் கசிவு ஏற்படும் வரை.

காற்று வெளியேறிக்கொண்டிருக்கிறது. பூமியிலிருந்து ஒரு குரல் அவளிடம் சொல்கிறது. ‘மூச்சை இழுத்துப் பிடி. நான் சொல்லும்வரை விடாதே.’

தொடரும்.

அடுத்த மாதம் இதழ் வரவில்லை. அதற்கடுத்த மாதமும். கடைக்காரர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது நின்றுபோய்விட்டது, வேறு புக் எடுத்துக்கொள் என்றார்.

நின்றது பத்திரிகை. அவள் மேலேயே இருந்தாள்.

அந்த ஆடிக் கிருத்திகை. மலைப்படியில் காவடிக் கூட்டம். கற்பூரப் புகை, வியர்வை, முன்னால் ஒரு முதுகு, அதற்கு முன்னால் இன்னொரு முதுகு... பாதி ஏறியதும் பிடித்துக்கொண்டது. வீசிங் உள்ளவர்களுக்குத் தெரியும். இழுப்பதல்ல, விடுவதுதான் கஷ்டம். உள்ளே போன மூச்சு உள்ளேயே நின்றது. நைனா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு எதிராக இறங்கினார். வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டே போனாராம். எனக்கு அது கேட்கவில்லை.

நான் சொல்லும்வரை விடாதே.

அது மட்டும் கேட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் எங்கள் வீட்டுக்குள் போகவில்லை. நேராக எதிர்வீடு.

“மாமா, என்ன எப்ப கீழ எறக்குவீங்க?”

அவர் சிரிக்கவில்லை. பின்னாலேயே வந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கொயந்த பேர வெச்சிகினு இன்னாண்ணா வெளாட்டு இது?”

அவர் என் உயரத்துக்குக் குனிந்தார்.

“நான் எழுதாத வரைக்கும் அங்க டைம் ஓடாதும்மா. அவ மூச்சு அப்பிடியே இருக்கும். உனுக்கு ஒண்ணும் ஆவாது.”

ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

எனக்கு அன்றிலிருந்து வேறு பயம் தொடங்கியது. அவர் எழுதிவிட்டால்?

காலையில் அவர் சைக்கிளில் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது ஜன்னலில் நிற்பேன். பையைப் பார்ப்பேன். டிபன் டப்பா மட்டும் இருக்கட்டும். புதிய நாவல் வந்தால் கதையைப் படிக்கமாட்டேன். என் பெயரை மட்டும் தேடுவேன். இருக்காது. வளர்ந்த பிறகு அவற்றை உட்கார்ந்து படித்தபோதுதான் கவனித்தேன்... அதற்குப் பிறகு அவர் எழுதிய எதிலும் குழந்தைகளே இல்லை. ரோபோக்கள், கிழவர்கள், பேசும் கற்கள். ஒரு குழந்தையையும் அவர் மறுபடி மேலே அனுப்பவில்லை.

பாக்கெட் நாவல்கள் ஓய்ந்தன. அவரும் வேலையிலிருந்து ஓய்ந்தார். நான் சென்னைக்கு வந்து இலக்கியம் படித்தேன். பெயருக்கும் பொருளுக்கும் இயற்கையான தொடர்பு எதுவும் கிடையாது என்று கட்டுரை எழுதி நல்ல மார்க் வாங்கினேன்.

போன மாதம் அவரிடமிருந்து போன். சின்னப் பதிப்பகம் ஒன்று அவருடைய கதைகளை எல்லாம் ஒரே தொகுப்பாகப் போடுகிறதாம். ‘காற்றுக்கூண்டை’ முடித்துக் கொடுக்கக் கேட்கிறார்களாம். இத்தனை வருடம் கழித்து ஒருவர் கேட்கிறார் என்பதிலேயே அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு குரல் இறங்கியது.

“எழுதட்டுமாம்மா? வேணாம்னா... பேர மாத்திடறேன்.”

நடுவில் நின்று மூச்சு வாங்கினார். அந்த விசில் சத்தம் எனக்குத் தெரியும். எத்தனையோ நெஞ்சுகளைப் படம் எடுத்தவர். இப்போது அவர் நெஞ்சை வேறு யாரோ எடுக்கிறார்கள்.

சிரித்துவிட்டுப் போகவேண்டிய கேள்விதான். என் கை அதற்குள் பைக்குள் போய் இன்ஹேலரைத் தேடிக்கொண்டிருந்தது.

“மாத்தாதீங்க மாமா. எழுதுங்க. சீக்கிரம் எழுதுங்க.”

முந்தாநாள் வாட்ஸ்அப்பில் ஒரு தாளின் படம் வந்தது. கோணல் எழுத்து. ஒரே ஒரு வரி.

‘அவள் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.’

நேற்று எதுவும் வரவில்லை. இன்றும் இல்லை. என்ன ஆச்சு மாமா என்று அனுப்பினேன். ஒரு டிக்கோடு நிற்கிறது.

அப்போதெல்லாம் டக்கென்று ஒரு சத்தம், உடனே கதவுக்குப் பின்னால் இருந்து அவர் குரல் வந்துவிடும். இப்போது கதவு இல்லை. கையில் போன், அதே சில்லிப்பு.

ஒரு வரி எழுதிவிட்டார். அங்கே டைம் ஓடத் தொடங்கிவிட்டது.