தண்ணி கிடைக்காத பப்பில் கேப்டன் வேலை

சர்வர் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், பசியோடு வருகிறவரைச் சமாளித்துவிடலாம். வேடிக்கை பார்க்க வருகிறவரிடம்தான் தாவு தீர்ந்துவிடும்.

விழுப்புரத்தில் சாப்பாட்டுக்கடையில் பரிமாறிக்கொண்டிருந்த என்னை, சர்வர்களை மேற்பார்க்கும் கேப்டன் வேலை என்று சொல்லித் திண்டிவனம் பைபாஸுக்கு அழைத்துப்போனார் ஒரு முதலாளி. அயர்லாந்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அங்கே பார்த்தபடியே பச்சைச் சுவர், மர பெஞ்சு, மூலையில் பீப்பாய் என்று ஒரு பப் கட்டினார். பார் லைசென்ஸ் மட்டும் வரவில்லை. சாப்பாடும் சோடாவும்தான். பொங்கலுக்குள் கூட்டம் வராவிட்டால் கடையை டைல்ஸ்காரருக்கு வாடகைக்கு விட்டுவிடுவேன் என்றார். பழைய கடையிலோ என் இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது.

முதல் போணி

கெடாரிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றிவந்த ஒருவர்தான் முதலில் நுழைந்தார். பப் என்றால் மங்கலாக இருக்க வேண்டுமாம், அதனால் மெனு கார்டைச் செல்போன் வெளிச்சத்தில் படித்தார். கடைசிப் பக்கம்வரை தேடிவிட்டு நிமிர்ந்தார். "தண்ணியும் இல்ல, லைட்டும் இல்ல. அப்பறம் இன்னாத்துக்கு தொறந்து வெச்சிக்கினு இருக்கீங்க?"

கிழங்கு மசியல்

அடுத்து ஒரு வாத்தியார். கொத்துக்கறியின்மேல் உருளைக்கிழங்கு மசியலைப் பரப்பிச் சுட்ட ஐட்டம் ஒன்றைக் கேட்டார், கொண்டுபோய் வைத்தேன். அவர் சாப்பிடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது வேண்டுமா என்று போய்க் கேட்டேன். "கெழங்கு வந்துடுச்சிப்பா. பூரிய ஜல்தியா போடச் சொல்லு."

கவுண்டர் சட்டம்

அயர்லாந்து பப்பில் யாரும் மேஜைக்கு வந்து கேட்க மாட்டார்களாம். நாமே கவுண்டருக்குப் போய்ச் சொல்ல வேண்டும். முதலாளி இதில் மகா கண்டிப்பு. வாத்தியாரின் மேஜைக்கு நான் போனதைப் பார்த்த பிறகு, கவுண்டரைத் தாண்டக் கூடாது என்று என்னை நிறுத்திவைத்துவிட்டார்.

பந்தியில் வளர்ந்த கை சும்மா இருக்குமா, சொல்லுங்கள். ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. நாங்கள் அவர்களைப் பார்த்தோம். வந்தவர்கள் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அந்த அவமானம் இருக்கிறதே! கடைசியில் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லாத எடத்துல கை நனைக்கக் கூடாது. எழுந்திருங்க எல்லாரும்."

வாளி

பொங்கல் நெருங்கியது. டைல்ஸ்காரர் டேப்போடு வந்து சுவரை அளந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் மாதா கோயிலில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு, முடித்த ஒரு கூட்டம் வேனில் வந்து இறங்கியது. மற்ற ஓட்டல்களில் இடமில்லையாம்.

இனி வேலை போனால் என்ன, இருந்தால் என்ன என்று கவுண்டரைத் தாண்டினேன். வாசலுக்கே போய், "வாங்க, வாங்க, உக்காருங்க" என்றேன். ஆட்டுக்கறியும் கிழங்கும் வேகவைத்த ஸ்டூவைக் கிண்ணத்தில் அளந்து வைப்பதுதான் வழக்கம். நான் அதைச் சாம்பார் வாளியில் ஊற்றி, மிளகைத் தூக்கலாகப் போட்டு, கரண்டியோடு பந்தி விசாரிக்கக் கிளம்பிவிட்டேன். "இன்னும் கொஞ்சம்" என்று ஊற்ற ஊற்ற ரொட்டி பறந்தது. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். புதுநன்மைப் பெண்ணின் அம்மா அவரிடம் போனார். "இவ்ளோ மனசாரப் போடுறீங்க. எங்க பெரியவ நிச்சயதார்த்தத்த இங்கியே வெச்சிக்கலாங்களா?"

முதலாளி என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், அப்புறம் டைல்ஸ்காரரிடம் வாடகைக்கு இல்லை என்று சொல்லப் போனார். அந்த மனிதர் டேப்பைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "அது கெடக்குது சார். அந்த வாளிய மொதல்ல இந்தாண்ட அனுப்புங்க."

அதன்பிறகு பல வருஷம் அங்கே கேப்டனாக இருந்தேன். அயர்லாந்து எங்கே இருக்கிறது என்று என்னை யாரும் கேட்டதில்லை, குழம்பு இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.