டிரான்ஸ்ஃபர் ஆன கோப்ரலின் இரும்பு நாற்காலி

சபையோர்களே, என் மீசை மேல ஆணையா சொல்றேன்... இப்போ நான் எழுதப்போறதை நீங்க ஒருத்தரும் நம்பப்போறதில்ல. என் பொண்டாட்டியே நம்பல. அவ என் பக்கத்துலதான் நின்னா.

முதல்ல ஒரு சத்தம்.

க்ர்ர்ர்ர்ர்...

சிமெண்ட் தரையில இரும்பு நாற்காலியை இழுத்துக்கிட்டு வர்ற சத்தம். பல்லு கூசும். கிள்ளான்ல நாங்க இருந்த பழைய ஃப்ளாட்ல இது கேட்டுச்சுன்னா காக்கா பாதி வானத்துல நின்னுடும், அடுப்புல கொதிக்கிற மீன் கறி அடங்கிடும், போர்ட் கிள்ளான்ல கப்பலெல்லாம் ஒரு அடி பின்னால நகரும்.

இழுத்துக்கிட்டு வர்றவர் கோப்ரல் பாக் மான். எங்க ப்ளாக் கீழேயே ஒரு போலீஸ் பொண்டோக், சின்ன காவல் சாவடி, இருந்துச்சு. ஒரு மேசை, ஒரு போன், ஒரு நாற்காலி... அவ்வளவுதான் இடம். எந்த வீட்லயாவது புருஷன் கை நீட்டுற சத்தம் வந்தா, மனுஷன் நாற்காலியோட மாடி ஏறிடுவார். கதவைத் தட்டமாட்டார். வாசல்ல போட்டு உக்காந்துடுவார்.

"என்னா தம்பி, சத்தம் கீழ வரைக்கும் வருது? பேசு, பேசு... நான் இங்க உக்காந்துக்கிறேன் லா."

மலாய்க்காரர்தான். தமிழ் எங்களைவிட சுத்தம்.

உள்ள அடங்கிடும். போகும்போது நாற்காலியை வாசல்லயே விட்டுட்டுப் போவார். திரும்பி வருவேன்னு அர்த்தம்; மறுநாள்தான் எடுத்துக்கிட்டுப் போவார்.

அந்த நாற்காலி அடிக்கடி நின்ன வாசல், எங்க பக்கத்து வீட்டு கிரேஸோடது. ரயில்வே குடும்பத்துப் பொண்ணு, சர்ச்ல பாடுவா. புருஷன் போர்ட்ல ஷிஃப்ட் வேலை.

அப்புறம் வந்துச்சு ரீஸ்ட்ரக்ச்சரிங். சின்ன பொண்டோக்கை மூடி, ஆளுங்களைப் பெரிய ஸ்டேஷனுக்கு மாத்தினாங்க. பாக் மானுக்கு தூரத்துல செமினி ஸ்டேஷன். லோரி வந்து மேசையையும் போனையும் ஏத்திக்கிட்டுப் போச்சு. நாற்காலியை மறந்துட்டாங்க. பூட்டின பொண்டோக்குக்குள்ள, கண்ணாடி வழியா, அது எங்களைப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு.

கிரேஸ் புருஷனும் போகும்போது வரும்போது அதைப் பார்ப்பான். கொஞ்ச நாள்ல பார்க்கிறதை விட்டுட்டான்.

ஒரு சாயங்காலம். மழை இருட்டு. பக்கத்து வீட்ல தட்டு உடைஞ்சுச்சு. அப்புறம் கிரேஸ் குரல். அப்புறம் குரலே இல்ல.

போய் கதவைத் தட்டினேன். உள்ள இருந்து புருஷன், "குடும்ப விஷயம். போய்யா பெருசு!"

வீட்டுக்கு வந்து போலீசுக்கு போன் போட்டேன்.

"எந்த ப்ளாக் அங்கிள்?"

"பி ப்ளாக்."

"பி ப்ளாக் இப்ப வேற ஸ்டேஷன் ஏரியா. லைன் மாத்துறேன், இருங்க."

அந்த ஸ்டேஷன்ல, "கார் தூரத்துல ஒரு ஆக்சிடென்ட்ல நிக்குது அங்கிள். வந்துரும்." மரியாதையான பையன். அவனைச் சொல்லிக் குத்தமில்ல. எங்க மாடியை அவன் எங்க பார்த்தான்?

போனை வச்சேன். அப்போ...

க்ர்ர்ர்ர்ர்...

படிக்கட்டுப் பக்கம் இருந்து.

மீசை கம்பி மாதிரி நட்டுக்கிச்சு. சுவத்துல காலண்டர் தானா அடுத்த மாசத்துக்குப் புரண்டுச்சு. செத்தவன் ஆவியா வந்தா அதுல ஒரு நியாயம் இருக்கு. பாக் மான் சாகவே இல்லியே! செமினியில உக்காந்து மீ கோரேங் சாப்பிட்டுக்கிட்டு இருக்கார்! டிரான்ஸ்ஃபர் ஆனவருக்கு எப்படிய்யா ஆவி வரும்?

சத்தம் எங்க வாசலைத் தாண்டி, கிரேஸ் வாசல்ல நின்னுச்சு.

கதவைத் திறந்தேன். காரிடார்ல அந்த நாற்காலி. ஆள் இல்ல. அவ்வளவு மழையில ஒரு ஈரக்கால் தடம்கூட இல்ல.

பக்கத்துல அந்தக் கதவும் திறந்துச்சு. புருஷன் பார்த்தான். அப்படியே பின்னால போனான். அவனைத் தாண்டி கிரேஸ் வெளிய வந்தா, உதட்டுல ரத்தத்தோட. நேரா வந்து அந்த நாற்காலியில உக்காந்தா.

"இனிமே உள்ள போகமாட்டேன் அங்கிள்."

என் பொண்டாட்டி ஓடிப்போய் அவ மேல டவலைப் போர்த்தினா. கார் வர்ற வரைக்கும் கிரேஸ் அசையல.

வந்தது ஒரு லேடி இன்ஸ்பெக்டர். அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு சொல்லல. ஆஸ்பத்திரி, ரிப்போர்ட், புருஷன் கிட்ட வரக்கூடாதுன்னு கோர்ட் ஆர்டர்... எல்லாம் முறையா நடந்துச்சு. கிரேஸ் பிழைச்சா. இப்போ பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருக்கா, இன்னும் பாடுறா.

பாக் மான் அத்தனை வருஷம் உக்காந்தும் ஒரு கேஸ் எழுதினதில்ல. அன்னிக்கு அடங்கும், அடுத்த வாரம் மறுபடி நாற்காலி மாடி ஏறும். இப்போ எழுதத் தெரிஞ்சவங்க இருக்காங்க. ஆனா அவங்க வந்து சேர்ற வரைக்கும் வாசல்ல உக்கார யார் இருக்கா? பொண்டோக் இருந்த இடத்துல இப்போ மோட்டார் நிறுத்துறாங்க...

சரி. கப்பல் நகர்ந்தது பொய். காலண்டர் பொய். அந்தச் சத்தமே இடிதான்னு என் பொண்டாட்டி இன்னிக்கும் சொல்றா. இருக்கலாம்.

ஆனா மறுநாள் காலையில கீழ போய்ப் பார்த்தேன். பொண்டோக் பூட்டு துருப்பிடிச்சு அப்படியே தொங்கிக்கிட்டு இருந்துச்சு. கண்ணாடி உடையல. உள்ள நாற்காலி இல்ல.

அது மட்டும் உண்மை.