ஏழு மணி நேரம் என்று சொன்ன ஏகாம்பரம்

கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். தங்கை போன் செய்து, "அண்ணா, அவரு போயிட்டாருண்ணா" என்றாள். தங்கையின் கணவர் ஏகாம்பரம் என்னைவிட இரண்டு வயது இளையவர். இதிலும் என்னை முந்திக்கொண்டார்.

மண்ணூர்பேட்டையில் என் பேட்டரிக் கடைக்கு நேர் எதிரே அவருடைய பேட்டரிக் கடை. பூந்தமல்லி வரை என் பெயர் தெரியாதவர் கிடையாது. மெட்ரோவுக்குத் தூண் போடுகிறவர்களே என்னிடம் யோசனை கேட்டுவிட்டுத்தான் பள்ளம் தோண்டினார்கள். இருந்தாலும் கூட்டம் அவர் கடையில்தான் நிற்கும். என்ன வசியமோ.

ஒருமுறை ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஓர் அம்மா பவர் பேங்கோடு வந்தார். அதில் இருபதாயிரம் என்று போட்டிருக்கிறதே, உங்கள் இன்வெர்ட்டர் பேட்டரியில் வெறும் நூற்றைம்பதுதானே என்று கேட்டார். இதிலேயே இன்னொன்று வாங்கினால் வீடே ஓடும் என்று பெருந்தன்மையோடு சொல்லி அனுப்பினேன். அவர் நேரே எதிர்க்கடைக்குப் போனார். ஏகாம்பரம் சொன்னது எனக்கும் கேட்டது.

"பக்கத்துல மில்லின்னு கீது பாருங்கம்மா. ஆயிரம் மில்லி சேந்தாத்தான் ஒரு ஆம்பியர்-அவர். உங்களுது இருபது, இது நூத்தம்பது. வோல்ட்டும் இதுல ஜாஸ்தி."

மகள் பாடத்தில் கூலூம் என்று வருகிறதே, அது என்ன என்று அந்த அம்மா விடாமல் கேட்டார்.

"ஒரு ஆம்பியர் ஒரு செகண்டு ஓடினா ஒரு கூலூம். ஒரு மணி நேரம் ஓடினா மூவாயிரத்து அறுநூறு. ஆழாக்குல அளந்தா இன்னா, மூட்டையா அளந்தா இன்னா, அரிசி அரிசிதாம்மா."

பேட்டரியை அங்கேயே வாங்கிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. மறுநாளே, 'ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் கூலூம் பேட்டரி இங்கே மட்டுமே' என்று போர்டு மாட்டினேன். அம்பத்தூர் எஸ்டேட்டே திரண்டு வந்து பார்த்தது. அவரும் வந்தார். நூற்றைம்பதை மூவாயிரத்து அறுநூறால் மனசுக்குள்ளேயே பெருக்கிப் பார்த்தார்.

"கணக்கு கரெக்ட்டு மச்சான். என் கடையிலயும் அதான் கீது. அத்த வுடு, பதினஞ்சு ஆம்பியர் இழுத்தா எவ்ளோ நேரம் வரும்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"பன்னெண்டு மணி நேரம்."

"வகுத்தா பத்து. நெசத்துல அவ்ளோ வராது. நீ ஏழுன்னு சொல்லு. ஒரு மணி நேரம் கூட எரிஞ்சா உன்ன நெனச்சுக்குவான்."

குறைத்துச் சொல்லி வியாபாரம் செய்கிறவரை அன்றுதான் பார்த்தேன்.

அவர் இறந்த அன்று காலை ஒன்பது மணிக்குப் பராமரிப்பு என்று கரன்ட்டை நிறுத்திவிட்டார்கள். தன் வீட்டு பேட்டரியை மனிதர் யாரோ வாடிக்கையாளருக்கு மாற்றாகக் கொடுத்திருந்தார். என் கடையிலிருந்து ஒன்றைத் தூக்கிவந்து மாட்டினேன். விளக்கு எரிந்தது, விசிறிகள் சுற்றின. கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. எத்தனை வருடமாக நான் காத்திருந்த பார்வை அது.

"எவ்ளோ நேரம் தாங்கும் அண்ணாத்தே?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

பன்னிரண்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஏகாம்பரம் எதிரே படுத்திருந்தார். "ஏழு" என்றேன்.

நான்கு மணிக்கு எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். விசிறி நிற்கவில்லை. ஐந்து மணிக்கு அவரைத் தூக்கியபோதும் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏகாம்பரம் அண்ணன் இருந்தா இப்டித்தான் கொறச்சு சொல்லியிருப்பாரு" என்றார்.

பேட்டரி என்னுடையது. கூட எரிந்த அந்த ஒரு மணி நேரத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மாப்பிள்ளை. போய் வாருங்கள்.