ஒன்று பத்துக்குத் திறந்த கடிதம்

தஹ்மீனா அக்கா எங்கள் அச்சாபீஸில் வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கிறவர். அவருக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அச்சாகி வந்த தாள்களில் பிழையான லேபிள்களைப் பொறுக்கி எடுப்பது என் வேலை. நான் எட்டாவதோடு நின்றவள். நானும் அதிகம் பேச மாட்டேன், அவரும் பேச மாட்டார். ஆறு வருஷமாக அப்படித்தான் இருக்கிறோம்.

புருஷன் வீட்டிலிருந்து அக்கா திரும்பி வந்தபோது, "போயி அங்கனயே பொழைச்சுக்கோ" என்றார் அவருடைய அண்ணன் ஆசிக். அக்கா போகவில்லை. அண்ணன் பேச்சை நிறுத்தி, அக்காவின் நம்பரையும் போனில் தடுத்துவிட்டார். அவருக்கு எங்கள் கம்பெனியின் விருதுநகர் ஆபீஸில் வேலை. அங்கிருந்தே எங்கள் பெரிய கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல்களைத் திறக்கலாம்.

அதனால் அக்கா ஒரு கடிதம் எழுதி, லேபிள் ஃபைல்களுக்கு நடுவே 'ஆசிக் அண்ணனுக்கு' என்று பேர் போட்டு வைத்தார். கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் ஃபைலைக் கடைசியாகத் திறந்த நேரம் தெரியும். மறுநாள் பார்த்தபோது மதியம் ஒன்று பத்து. அதற்கு மறுநாளும் ஒன்று பத்து.

"அண்ணன் சாப்பாட்டு நேரத்துல படிக்காக," என்றார் என்னிடம். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

திரையில் குருவி வெடி லேபிளுக்கும், சங்கு சக்கரம் லேபிளுக்கும் அதே ஒன்று பத்துதான் இருந்தது. நான் கவனித்தேன். சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, கம்ப்யூட்டர் பார்க்கிற மகேஷ்குமார் வந்தபோது அந்த ஒன்று பத்தைப் பற்றி அக்காவே கேட்டார்.

"அது யாரும் படிக்கலக்கா. பேக்கப். சாப்பாட்டு நேரத்துல மெஷின் சும்மா கெடக்கும்ல, அப்பத்தான் ஓடும். தொறந்து படிச்சாத்தான காப்பி எடுக்க முடியும். படிச்சா நேரம் மாறிரும்."

"பேக்கப் படிச்சதுன்னு தனியா காட்டாதா?"

"யாரு படிச்சான்னு அதுக்குத் தெரியாதுக்கா. எப்பப் படிச்சான்னு மட்டுந்தான் தெரியும்." சிரித்தார். "உங்க ஃபைல ஒருநா விடாம படிக்கிற ஒரே ஆளு அதுதான்."

அக்காவும் சிரித்தார். பிறகு, நேரத்தை மாற்றாமல் பேக்கப் எடுக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்று பேக்கப் கட்டளையில் ஒரு வரி சேர்த்துவிட்டுப் போனார் மகேஷ்குமார்.

அன்றோடு நேரம் நின்றது. இருபத்திரண்டு நாள் நகரவில்லை. பெருநாளும் போனது.

"தொறந்து ஒருக்கா படிச்சுப் பாருங்கக்கா," என்றேன்.

"நான் தொறந்தா என் நேரம் விழுந்துரும். என்ன எழுதுனேன்னே மறந்துபோச்சு."

அன்று மதியம் என் போனைக் கேட்டு வாங்கினார். தெரியாத நம்பர் என்பதால் ஆசிக் அண்ணன் எடுத்தார். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"யாரு?"

"நாந்தாண்ணே. லேபிள் ஃபோல்டர்ல உங்க பேருக்கு ஒண்ணு போட்ருக்கேன். பாத்தீகளா?"

"நான் ஆர்டர் ஃபோல்டர் மட்டுந்தான் தொறப்பேன். அவசரமா?"

அக்கா திரையைப் பார்த்தார். "அவசரமில்லண்ணே. நேரம் கெடச்சா பாருங்க."

போன் துண்டிக்கப்பட்டது. அதன்பின் அக்கா லேபிள் எதையும் தொடவில்லை. அந்த ஒரே வரியை அடித்துக்கொண்டே இருந்தார். ஐந்து மணிக்கு நான் தாள்களைக் கட்டி வைத்து எழுந்தபோது நேரம் மாறியிருந்தது. நான்கு ஐம்பத்திரண்டு.

அக்கா என்னைப் பார்த்தார். நான் போனைப் பெஞ்சின் ஓரத்தில், அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். வாட்ச்மேன் வந்து ஷட்டரை இறக்கணும் என்று சொல்லும்வரை உட்கார்ந்திருந்தோம்.

அது நடந்து ஒரு வாரம் ஆகிறது. ஃபைலின் நேரம் இன்னும் நான்கு ஐம்பத்திரண்டுதான். போன் வரவில்லை.