வேப்பங்கதவை அறுத்தது நான்

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் கட்டியதைச் சொல்கிறேன். செய்யூர்ப் பக்கம் அடுத்தவன் வயலில் களை பறித்த குடும்பத்திலிருந்து வந்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே மாடி வீடு கட்டினேன். உப்புத் தண்ணீர்தான் வரும் என்று ஊரே சிரித்த இடத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு இறக்கினேன். சென்ட்ரிங் வேலைக்குப் போய்க்கொண்டே தச்சு வேலையும் பழகி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பட்டறை போட்டேன். எவனும் கை கொடுக்கவில்லை. கடைசியாகச் செய்தது எங்கள் ஊர் அம்மன் கோயில் கதவு. அதில்தான் என் மச்சான், என் மனைவியின் தம்பி, தன் பெயரை மட்டும் வெட்டச் சொல்கிறான்.

புயலில் கோயில் வேம்பு சாய்ந்தது. அதிலேயே கதவு செய்யலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசினார்கள். திருப்போரூர்ப் பக்கத்து மரம் அறுக்கும் மில்லில் கட்டையைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார்கள். வேண்டுதல் என்று ஊரே ஆணி அடித்த மரம் அது. உள்ளே ஒரு ஆணி இருந்தால் போதும், அவர்கள் பிளேடு போய்விடும். நான்தான் காந்தத்தை வைத்துத் தடவித் தடவி ஆணிகளைப் பிடுங்கினேன். செயின் சா வைத்துக் கட்டையைப் பிளந்தேன். பிளந்ததைப் பலகையாக அறுக்க, பட்டறைக்கு ஒரு பேண்ட்சா வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு சக்கரத்தில் வார் மாதிரி ஓடுகிற ரம்பம் அது.

“வாங்கித் தரேன்” என்று மச்சான் முன்னால் வந்தான். செங்கல்பட்டில் ஆபீஸ் வேலை. நாற்காலியில் உட்கார்ந்தே சம்பளம். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“மாமா, இத்த பாரு. ஆர்டர் போட்டா நாளைக்கே வூட்டாண்ட வந்துடும். எத்தினி ஸ்டார் கீது பாத்தியா?”

“ஸ்டாரா வந்து அறுக்கப் போவுது? மரப்பாச்சிக்குக் காலு வெட்டற மிஷின்டா இது. கட்ட உள்ளயே நொழையாது.”

செங்கல்பட்டில் ஒரு பர்னிச்சர் பட்டறையை மூடிக்கொண்டிருந்தார்கள். அங்கே அவனை இழுத்துக்கொண்டு போனேன். வார்ப்பிரும்பு உடம்பு, பெரிய சக்கரம், அகலமான கட்டை நுழைகிற உயரம், வீட்டுக் கரண்டிலேயே ஓடுகிற மோட்டார். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் காதை வைத்தேன், சத்தமில்லாமல் சுற்றியது. “இதான்” என்றேன். மச்சான் துருவைச் சுரண்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தான், ஆனாலும் பணத்தை எண்ணிக் கொடுத்தான்.

கொட்டகையில் இறக்கியதும் நூல் பிடித்து இரண்டு சக்கரத்தையும் ஒரே நேருக்குக் கொண்டுவந்தேன். பல் நெருக்கமான பிளேடு தூளைத் துப்பாது, சூடேறி வளையும். அதனால் அகலமான, பல் இடைவெளி அதிகமுள்ள பிளேடாகப் போட்டு முறுக்கினேன். ஓட்டிப் பார்த்தபோது பிளேடு கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது. அதோடு சண்டை போடாமல், பலகையை அணைக்கும் கட்டையை அது இழுக்கிற பக்கமாகவே சாய்த்து இறுக்கினேன். முதல் பலகை அப்பளம் மாதிரி ஒரே கனத்தில் வந்தது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. நான் கதவு நிலையை அளக்கக் கோயிலுக்குப் போயிருந்தேன். அந்த நேரத்தில் மச்சான் கொட்டகையில் பூஜை போட்டுவிட்டுப் போயிருந்தான்.

மறுநாள் அறுத்த பலகையெல்லாம் சீப்பால் வாரியது போல வரி வரியாக வந்தது. மெஷின் உதறியது. மச்சான் வந்து பார்த்து இளித்தான்.

“ஓட்ட மிஷினு மாமா. அப்பவே சொன்னேன், நீ எங்க கேட்ட?”

பிளேடை மாற்றினேன். மறுபடி முறுக்கினேன். உதறல் போகவில்லை. மூடியைத் திறந்து மேல் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிளேடு துள்ளியது. பிளேடு உட்காருகிற ரப்பரில், இவன் அப்பிய சந்தனப் பொட்டு காய்ந்து கல்லாகிக் கிடந்தது. மேலே குங்குமம் வேறு. சுரண்டி எடுத்துத் துடைத்தேன். மீதிப் பலகை முழுவதும் பிசகில்லாமல் அறுத்து முடித்தேன்.

கதவு முடிந்த பிறகு கூடிய கூட்டத்தில் இவன் எழுந்தான். “மிஷினு ரொம்ப பேஜாரு பண்ணிக்கினு இருந்திச்சி. நான் பூஜ போட்டேன், அப்பறந்தான் ஓடிச்சி. எல்லாம் ஆத்தா செயல்.”

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு உச்சந்தலை எரிந்தது.

“உன் சந்தனத்தச் சொரண்டினப்பறந்தாண்டா ஓடிச்சி!”

“சாமி விசயத்துல இன்னா மாமா இப்டிப் பேசற? மிஷினு யாருது?”

“உன்து தான். அதுவே எழுந்து போயி அறுத்துக்கினு வந்துச்சா?”

கோயில் பொறுப்பாளர் என் தோளில் கை வைத்தார். “வுடு அண்ணாத்த. கதவுல ஒரு பேருக்குத்தான் எடம் கீது. உபயம்னு அவுரு பேரே இருக்கட்டும்.”

கையைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன். கதவு இன்னும் என் கொட்டகையில்தான் இருக்கிறது. கோயிலில் தகரத்தை வைத்து மறைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மெஷின் வாங்கிக் கொடுத்தவன் என்று மச்சான் பெயரையும் வெட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், ஆணி பிடுங்கி, மெஷினைத் தேர்ந்தெடுத்து, பலகை அறுத்து, கதவு செய்தவன் என்று என் பெயரை வெட்டுங்கள். என் கண் முன்னால், இந்தக் கொட்டகையிலேயே வெட்ட வேண்டும். வெட்டி முடித்த பிறகு வண்டியைக் கொண்டுவாருங்கள்.