மணக்குடிக்கு வந்த பட்டுப்பூச்சி

எங்கள் மகள் தவழத் தொடங்கிய வயதில் வயிற்றுப்போக்கில் இறந்துபோனாள். கடைசி நாட்களில் பால் இறங்கவில்லை; சங்கில் ஊற்றியதெல்லாம் கடைவாய் வழியே வழிந்தது. என் மனைவி அழவில்லை. அடுக்களையில் தன் வேலையைச் செய்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

மகள் போய்ச் சில மாதமாகியிருந்தது; குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்வதற்கு முந்தைய கோடை. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். சித்திரை பிறந்தால் மணக்குடிக் காயலுக்குப் பறவை பார்க்கப் போவேன். இருட்டியதும் விளக்கு வைத்துப் பூச்சி பிடிப்பேன். அந்த வருடம் போக மனமில்லை. வீட்டில் இருக்கவும் முடியவில்லை. ஒரு சனிக்கிழமை சைக்கிளை எடுத்தபோது அவள் வாசலுக்கு வந்து, "நானும் வாறேன்" என்றாள். சைக்கிளை உள்ளே வைத்துவிட்டு இருவரும் வடசேரியில் பஸ் ஏறினோம்.

வடக்கிலிருந்து வந்த உள்ளான் பறவைகள் பெரும்பாலும் திரும்பியிருந்தன. உப்பள வரப்பில் ஒரு பவளக்காலி அடைகாத்துக்கொண்டிருந்தது. பைனாக்குலரை அவளிடம் கொடுத்தேன். கை வலிக்கும் என்று சொல்லியும் வெகுநேரம் அவள் அதை இறக்கவில்லை.

அந்தி மயங்கியதும் கொல்லாமுந்திரி மரங்களுக்கு நடுவே வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன் முன்னால் பெட்ரோமாக்ஸைக் கொளுத்தினேன். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் பூச்சிகள் திரளாக வந்தன. உள்ளங்கை அகலத்தில் ஒரு பட்டுப்பூச்சி வேட்டியில் உட்கார்ந்தது. பூச்சியைக் கொல்லும் மருந்து போட்ட குப்பியைத் திறந்தேன். அது என்ன தின்னும் என்று அவள் கேட்டாள். வகுப்பில் சொல்வதுபோலவே சொல்லிவிட்டேன்: புழுவாக இருக்கையில் தின்றதோடு சரி, இப்போது அதற்கு வாய் உதவாது, முட்டையிட்டுவிட்டுச் சில நாளில் செத்துப்போகும்.

"அப்போ பட்டினி கிடந்தாக்கும் சாவுது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அதுக்குப் பசிக்காது," என்றேன்.

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். வேட்டியைப் பார்த்தபடியே, "பிள்ளைக்குப் பசிச்சிருக்கும்," என்றாள்.

அப்படியே மணலில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அத்தனை மாதமாக வராத அழுகை. குப்பியை மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பூச்சிகள் எங்கள் தலையிலும் தோளிலும் மோதிக்கொண்டிருந்தன. நானும் அழுதேன்.

எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. பின்வந்த சித்திரைகளில் அவளும் என்னோடு காயலுக்கு வந்தாள். ஆலாப் பறவைகளைப் பார்ப்போம், வெயில் தாழ்ந்ததும் விளக்கு வைக்காமல் பஸ்ஸுக்கு நடப்போம். மகளைப் பற்றி அந்த நடையின்போது மட்டும் பேசிக்கொள்வோம்.