பால்கனியை இடிக்கக் கேட்டவர்

"உங்க தம்பி மேல உங்களுக்கு என்ன குறை?" என்று ஜூனியர் வக்கீல் கேட்டாள்.

பூட்டுக்காரர் யோசித்தார். "குறை ஒண்ணுமில்லைங்க மேடம். அவன் குடியிருக்கிற மாடிக்குப் போற படியில கதவு போட்டேன், அவன் கோச்சுக்கிட்டு கேஸ் போட்டுட்டான்."

"எதுக்குப் போட்டீங்க?"

"அவன் பிள்ளைங்க உருண்டு விழுந்துடக் கூடாதேன்னுதான். கேட்காம போட்டது தப்புதான். சாவி குடுத்தேங்க. பூட்டுக்காரன் தம்பிக்கே சாவி இல்லைன்னா சிரிக்க மாட்டாங்க?"

"வேற தொல்லை ஏதாவது?"

"பால்கனியில துணி காயப்போட்டா தண்ணி என் கடை மேல சொட்டும். அது கிடக்கட்டும்."

அவள் கிடக்கட்டும் என்று விடவில்லை. அந்த அலுவலகத்தில் வெறும் பதில் மட்டும் தாக்கல் செய்யும் பழக்கமே இல்லை. கூடவே ஓர் எதிர்வழக்கும் போக வேண்டும். "தடுத்துக்கிட்டே இருந்தா எப்படிம்மா? நாமளும் ஒண்ணு கேக்கணும்" என்பார் சீனியர். பால்கனியை இடிக்க உத்தரவு கேட்டு எழுதினாள். அவள் விரல் காட்டிய இடத்திலெல்லாம் பூட்டுக்காரர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

தகப்பன் போன பிறகு தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கடை திறந்தவர் அவர். மாடி கட்டியபோது அந்தப் பால்கனிக் கம்பிகளைப் பற்றவைத்ததும் அவரேதான். இதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

கொஞ்ச நாளில் பூட்டுக்காரர் தானாகவே கதவைக் கழற்றிப் போட்டார். தம்பி மனம் இளகி வழக்கை வாபஸ் வாங்கினான். வழக்குப் போட்டவர் பின்வாங்கினாலும் எதிர்வழக்கு தன் காலில் நிற்கும். அவள் பரீட்சையில் எழுதித் தேறிய விஷயம்தான். ஆனாலும் எதிர்வழக்கை உடனே வாபஸ் வாங்க அவள் மறந்துபோனாள். சமாதானமான கையோடு தம்பியை அவன் வக்கீல் கூப்பிட்டார்: பால்கனியை இடிக்கக் கேட்டிருக்கிறார் உங்கள் அண்ணன், பதில் போட வேண்டும்.

அவள் அலறியடித்துக்கொண்டு வாபஸ் வாங்கினாள். "முடிஞ்சுதில்ல, விடும்மா" என்றார் சீனியர். மாடியில் முடியவில்லை. பிள்ளைகள் கடையை எட்டிப் பார்ப்பது நின்றது. தம்பி வேறு வீடு தேட ஆரம்பித்தான்.

பூட்டுக்காரர் அலுவலக வாசலில் வந்து நின்றபோது, திட்டட்டும் என்றுதான் அவள் எழுந்து நின்றாள். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"நான் சொன்னா அவன் நம்ப மாட்டேங்கறான் மேடம். ஒரு தடவை மாடி ஏறி வந்து, இடிக்கச் சொன்னது உங்க அண்ணன் இல்ல, நான்தான்னு அவன்கிட்ட சொல்றீங்களா?"